மூன்று வருடத்துக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லுங்கள், ஆச்சி

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம் கிராமம். மகள் இந்த வருடம் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி.க்குப் பெயர் கொடுக்கப்போகிறேன் என்கிறாள். அவள் அப்பச்சி, என் வீட்டுக்காரர், கோலாலம்பூரில் இருக்கிறார். "நீயே பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் போட்டுவிட்டார். அப்பத்தாவோ, "பொம்பளைப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுக்கிறதா" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். சண்டை வந்தால் கூப்பிட்டுக்கொள்வார்களா? பத்து நாள் முகாமுக்கு அனுப்ப வேண்டுமாம். கிருஷ்ணகிரியில் நடந்ததைப் படித்ததில் இருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது. "என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) போதும், இது படிப்பைக் கெடுக்கும்" என்கிறான் மகன். படிப்பு முடிந்ததும் கல்யாணம் பேசுவதாக இருக்கிறோம். அடுத்த வாரம் ஆள் எடுக்கிறார்களாம். என்ன சொல்வது?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம். கல்லூரி ஆசிரியையாகவும் என்.சி.சி. மாணவியர் பிரிவின் அலுவலராகவும் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களைப் போல எத்தனையோ ஆத்தாமார் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதையேதான் கேட்டிருக்கிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளைச் சேருங்கள். ஆனால், "ஒரு வருடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். மூன்று வருடமும் விடுவதாக இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். முதலில் அப்பத்தா சாப்பிடட்டும்.

பட்டாளத்துக்கு எழுதிக் கொடுப்பது என்கிற பேச்சே என்.சி.சி.யில் இல்லை. 1948-ல் வந்த தேசிய மாணவர் படைச் சட்டத்தின்படி நடப்பது இது. மாணவர் படையில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரைப் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது, பயிற்சி கொடுப்பவர்கள் ராணுவத்து ஹவில்தார்கள், சுபேதார்கள், போடுவது காக்கி உடுப்பு. இத்தனையும் உண்மைதான். இருந்தாலும் உங்கள் மகள் அங்கே மாணவி. படிப்பு முடிந்த அன்று சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு எந்த வேலைக்கும் போகலாம், வீட்டிலும் இருக்கலாம். ராணுவத்துக்குப் போக வேண்டுமானால் அவளே தனியாக விண்ணப்பம் போட்டு, தேர்வில் ஜெயித்தால்தான் உண்டு.

அப்பத்தாவின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. 1962-ல் சீனாவோடு சண்டை வந்தபிறகு, 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள். அந்த வயதுப் பையன்கள் இருந்த வீடுகளில் எல்லாம் இதே பேச்சுதான் ஓடியிருக்கும். 1968-ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் ஜனவரியில் நம் சட்டமன்றம், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்களை விட வேண்டும் என்று தீர்மானமே போட்டது. அதையெல்லாம் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். இன்றைக்கு இது முழுக்க விருப்பத்தின் பேரில் சேர்வது. கட்டளைகள் இந்தியில்தான் வரும், அது ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குக் காது பழகிவிடும்.

1965, 1971 சண்டைகளின்போது மாணவர் படையினர் ஊருக்குள் பின்னணி வேலைகளில் உதவினார்கள். கொரோனா வந்த 2020-ல் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் பொருட்கள் விநியோகிக்கவும் போனார்கள். அதற்கும் 18 வயது நிறைந்து, தாமாக முன்வந்த பெரிய பிரிவு மாணவர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று அப்பத்தாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சிவகங்கைச் சீமையில் பிறந்தவருக்கு வேலு நாச்சியாரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு மலேயா தொடர்பு இருப்பதால் வேறொன்றை ஞாபகப்படுத்துங்கள். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயாத் தமிழ்ப் பிள்ளைகள். அப்பத்தாவின் பெற்றோர் காலத்துச் சங்கதி அது. அவர்கள் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குள் நடந்தார்கள். உங்கள் மகள் சனிக்கிழமை காலையில் மைதானத்தில் நடக்கப்போகிறாள், அவ்வளவுதான்.

முகாமைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியில் நடந்தது என்.சி.சி. முகாமே அல்ல. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. பயிற்சியாளர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நம்பி, பள்ளியிலேயே பிள்ளைகளைத் தங்கவைத்தார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று என்.சி.சி. தரப்பில் அறிவித்தார்கள். சம்பந்தம் இருக்கிறதா என்று அந்தப் பெற்றோர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்தது, அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குப் பெரிய ஆதங்கம் அதுதான். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

உண்மையான முகாமுக்கு, கல்லூரிப் பிரிவை நடத்தும் என்.சி.சி. பட்டாலியனிலிருந்து கல்லூரி முதல்வருக்குக் கடிதம் வரும். எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முகாம் தளபதி யார், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் கையெழுத்து வாங்காமல் அனுப்ப மாட்டார்கள். அந்தக் கையெழுத்தை நீங்களே போடலாம், அப்பச்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மகளுக்குச் சேர்க்கை எண் ஒன்று கொடுப்பார்கள். மாநிலம், சேர்ந்த வருடம், பிரிவு எல்லாம் அதிலேயே தெரியும். அந்த எண் இல்லாத பிள்ளையை எந்த முகாமிலும் சேர்க்க மாட்டார்கள். யாராவது முகாமுக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்.சி.சி. காசு வாங்கிப் பயிற்சி கொடுக்கும் இடம் அல்ல. சீருடைக்கான பணமே இப்போது மாணவியின் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது.

அங்கே நடந்தது போலி முகாம், ஆகவே நிஜ முகாமுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேளுங்கள். பிள்ளைகளோடு கூடவே தங்கப்போகும் பெண் அலுவலர் யார்? அவருடைய கைபேசி எண் என்ன? பெண்கள் தங்கும் கட்டடம் தனியா? இரவுக் காவலுக்கு யார்? உடம்புக்கு முடியாவிட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? இப்படிக் கேட்கிற ஆத்தாவைப் பார்த்து எந்த நல்ல அலுவலரும் முகம் சுளிக்க மாட்டார். நான் பொறுப்பில் இருந்தபோது கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளைகளை அனுப்பத்தான் எனக்கும் தெம்பாக இருந்தது. முகாமில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு குறித்த நேரத்தில் மட்டும் கொடுப்பது வழக்கம். அதையும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் போன் வரவில்லை என்று தவிக்க வேண்டாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்றால், விடிவதற்கு முன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு டிரில், வரைபடம் பார்த்துத் திசை அறிவது, .22 ரைஃபிளில் குறி பார்த்துச் சுடுவது, முதலுதவி, சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி கலை நிகழ்ச்சி. சுடுவதைக் கேட்டு அப்பத்தா பதறலாம். அது பயிற்றுநர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஒவ்வொரு குண்டாக எண்ணிக் கொடுத்துச் சுடவைப்பது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்குக்கு முகாமின் சோறும் பருப்பும் முதல் இரண்டு நாள் இறங்காது. மூன்றாம் நாள் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

படிப்பைக் கெடுக்குமா? கவனிக்காவிட்டால் கெடுக்கும். மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இயற்பியல் மாணவிக்கு ஆய்வக நாட்கள் உண்டு, முகாம் அதே வாரத்தில் வரும். கல்லூரிகள் முகாம் நாட்களுக்குப் பணி நிமித்த வருகை கொடுத்துவிடுகின்றன. ஆனால் விட்டுப்போன பரிசோதனையை யாரும் வந்து செய்து தர மாட்டார்கள். முகாமுக்குப் போகுமுன் துறைத்தலைவரிடம் நேரில் சொல்லி, திரும்பிய வாரமே அதை முடித்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்த பிள்ளைகள் யாரும் என் அனுபவத்தில் பின்தங்கியதில்லை. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை மதிப்பெண் உள்ள விருப்பப்பாடமாக வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. மகளின் கல்லூரி அதைச் செய்கிறதா என்று கேளுங்கள், செய்தால் கிரெடிட்டும் கிடைக்கும்.

உங்களுக்கு நிஜமாகத் தொல்லை தரப்போவது பஸ். பரேடு பெரும்பாலும் காலையில் சீக்கிரம் தொடங்கும், முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். 75 சதவீதப் பரேடு வருகை இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வு எழுத விட மாட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து காலை ஆறு மணிக்குள் காரைக்குடி பக்கம் பஸ் இல்லையென்றால், பரேடு நாளுக்கு முந்தைய இரவு காரைக்குடி, கோட்டையூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். ஆர்வம் இருந்தும் பஸ் இல்லாமல் வருகை குறைந்து அழுத பிள்ளைகள் உண்டு.

என்.எஸ்.எஸ். நல்ல திட்டம். என்.சி.சி. கட்டாயம் நீங்கிய மறு வருடம், 1969-ல் வந்தது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் கிராம முகாம். இரண்டில் எது உயர்ந்தது என்று பேசுவது வீண். ஒன்றில் கிராமத்துக்குப் போய் வேலை செய்யக் கற்றுக்கொள்வாள், மற்றதில் முப்பது பேருக்கு முன்னால் நின்று குரல் கொடுக்கக் கற்றுக்கொள்வாள். உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை. அண்ணனுக்குப் பிடித்ததை அவள் செய்ய வேண்டுமா என்ன?

இனி நான் பிறகு சொல்கிறேன் என்றது.

முதல் இரண்டு வருடம் முடித்தால் பி சான்றிதழ், மூன்றாம் வருடம் முடித்தால் சி சான்றிதழ். பி இல்லாமல் சி எழுத முடியாது. பலன் பெரும்பாலும் சி-யில்தான் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வில் சி வைத்திருப்பவருக்கு 5 சதவீத ஊக்க மதிப்பெண், பி வைத்திருப்பவருக்கு 3 சதவீதம். ராணுவ அதிகாரி ஆவதற்குப் பெண்களுக்கு என்.சி.சி. சிறப்பு நுழைவு என்று ஒரு வழி இருக்கிறது. அதில் எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், 19 முதல் 25 வயது, கல்யாணம் ஆகாதவர் என்பது நிபந்தனை. தேர்வானால் பயிற்சி நம் சென்னைப் பரங்கிமலையில், 49 வாரம். இடம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நாடு முழுவதற்கும் பெண்களுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இடங்கள் இருந்து வந்திருக்கின்றன. சி சான்றிதழ் வாங்கினால் அதிகாரி வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மூன்றாம் வருடத்தில்தான் நம் பக்கத்துப் பெண்களை வீட்டில் நிறுத்துகிறார்கள். முதல் வருடம் ஆசையாகச் சேர்ப்பார்கள். இரண்டாம் வருட முகாம் முடிந்து வரும்போது, பிள்ளை வெயிலில் கறுத்துவிட்டாள் என்று ஒருவர் சொல்வார். மூன்றாம் வருடம் தொடங்கும்போது ஒரு ஜாதகம் வந்திருக்கும். "இன்னும் எதுக்கு இந்த உடுப்பு" என்று ஆரம்பிக்கும். சார்ஜெண்ட் ஆகி, அண்டர் ஆபீசர் ஆக வேண்டிய பிள்ளை, தனக்குக் கீழே இருந்த தங்கைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பரேடுக்கு வராமல் நின்றுவிடுவாள். வீட்டுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு வருட உழைப்பும் பாதியில் நின்றுவிடும். அதோடு, ஒவ்வொரு கல்லூரிக்கும் இவ்வளவு பேர்தான் என்று கணக்கு உண்டு. உங்கள் மகள் வாங்கிய இடத்துக்கு ஓடிப் பார்த்து, எழுதிப் பார்த்து, கிடைக்காமல் போன இன்னொரு பெண் இருப்பாள். இதனால்தான் சம்மதத்தை மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறேன்.

கல்யாணம் பேச வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மகளுக்கு ராணுவ ஆசை இருந்தால், சி தேர்வு மூன்றாம் வருடக் கடைசியில் வரும், அதன் பிறகு விண்ணப்பம், நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. இத்தனைக்கும் பட்டம் முடிந்து ஒரு வருடமாவது கையில் வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் கல்யாணம் முடிந்தால் அந்த வழி அவளுக்கு அடைந்துவிடும். ஆசை இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். இல்லை, உடுப்பும் பரேடும்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. ஆசை உண்டென்றால் அந்த ஒரு வருடத்தை அப்பச்சியிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். ஜாதகம் கையில் வந்தபிறகு பேச முடியாது.

உடம்பு சம்பந்தமாகச் சில விஷயம். பூட்ஸ் முதல் மாதம் காலைக் கடிக்கும். கனமான பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள், புது பூட்ஸை வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகச் சொல்லுங்கள். தலைமுடியைக் கொண்டை போட்டு வலை கட்ட வேண்டும், அதற்காக வெட்ட வேண்டாம். சங்கிலி, வளையல் எதுவும் உடுப்போடு கூடாது, முகாமுக்கு நகையே கொடுத்து அனுப்பாதீர்கள். மாதவிலக்கு நாட்களில் பெண் அலுவலரிடம் சொன்னால் ஓட்டத்திலிருந்து விடுவார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படாமல் சொல்லலாம் என்று அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் சொன்னால் ஏறாது. ஆஸ்துமா, இழுப்பு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் ஆள் எடுப்பதற்கு முன், ஒரு பரேடு நாளில் நீங்களே கல்லூரிக்குப் போய் வாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மைதானத்து ஓரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சீனியர் பிள்ளைகள் ஜூனியர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அதட்டல் இருக்கும், இருக்கவும் வேண்டும். கேவலமாகப் பேசுவது, அலுவலர் இல்லாதபோது தண்டனை கொடுப்பது போல் ஏதாவது கண்ணில் பட்டால் அந்தக் கல்லூரியின் பிரிவு சரியாக நடத்தப்படவில்லை என்று அர்த்தம். முதல்வரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மகளையும் அங்கே சேர்க்காதீர்கள். பிறகு அலுவலரைப் பாருங்கள். பெரும்பாலும் அதே கல்லூரி ஆசிரியராகத்தான் இருப்பார். போன வருடம் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், மூன்றாம் வருடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் சி வாங்கினார்கள் என்று கேளுங்கள். அந்த மூன்று பதிலும் சேர்ந்தால் அங்கே பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆள் எடுக்கும் நாளில் ஓட்டம், உயரம், எடை, கொஞ்சம் பொது அறிவு, நேரில் இரண்டு கேள்வி என்று இருக்கும். இந்த ஒரு வாரம் காலையில் ஊருணிக் கரையைச் சுற்றி ஓடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். பள்ளியில் ஏ சான்றிதழ் வாங்கியிருந்தால் அதையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

இடம் கிடைக்காமலும் போகலாம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டால் மூன்று வருடப் பட்டப்படிப்பில் சி-க்குக் காலம் போதாது. அப்படியானால் அன்றைக்கே என்.எஸ்.எஸ். அலுவலரைப் பார்த்துப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த 240 மணி நேரத்தை முடிக்கவும் இரண்டு வருடம் வேண்டும்.